வெயில் அடிக்குது... வெள்ளம் வருது! செல்போனை எவ்வளவு நம்பலாம்?

குமாரபாளையம், பள்ளிபாளையம் காவிரிக்கரைத் தெருக்களுக்கு வரும் வெள்ளம் கொஞ்சம் விசித்திரமானது. உள்ளூரில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆனால் ஆறு வாசல்படி ஏறிவிடும். மழை பெய்வது குடகில். அந்தத் தண்ணீர் மேட்டூர் அணையை 120 அடிக்கு நிரப்பி, 16 கண் மதகு வழியாகப் பாயத் தொடங்கினால், கரையோரக் குடும்பங்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இந்த வெள்ளத்துக்கு செல்போன் நல்ல துணை. புயல் இல்லாததால் டவர்கள் வேலை செய்யும். தண்ணீர் வந்து சேரச் சில மணி நேரமும் கிடைக்கும். எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது அதற்குள் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிவிடும்.

2022 ஆகஸ்ட் முதல் வாரத்தில் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி திறக்கப்பட்டபோது, கரையோர மக்கள் முகாம்களுக்கு மாற்றப்பட்டார்கள். அதே வாரம்தான், அப்போதைய தலைமைச் செயலாளர், சேலத்துக்காரரான வெ.இறையன்பு, தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம் என்று ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்ல முடிவு. பதிலுக்கு அவர் சொன்னது வண்டியில் கட்டிய ஒலிபெருக்கியை. வாட்ஸ்அப் குரூப்பை அல்ல. ராத்திரி 2 மணிக்கு சைலண்ட்டில் கிடக்கும் போன் யாரை எழுப்பும்?

சேலத்துக்கு மேலே இருக்கும் ஏற்காட்டின் கதை வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. இப்படி மழையும் சரிவும் சேர்ந்து வரும் இடத்தில்தான் போன் காலை வாரும். கரன்ட் போனால் டவர் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். பிறகு ஜெனரேட்டர். அதற்கு டீசல் ஏற்றிப்போகப் பாதை வேண்டுமே! 2015 வெள்ளத்தில் சென்னையே இப்படிப் பேச்சற்றுப் போனது.

2023 அக்டோபரில் தமிழ்நாட்டுப் போன்கள் திடீரென அலறியது நினைவிருக்கிறதா? அது பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனை. டவர் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கு ஒரே நேரத்தில் போகும், இன்டர்நெட் தேவையில்லை. ஆனால் டவர் உயிரோடு இருக்க வேண்டும்.

சிக்னல் பலவீனமாக இருந்தால் திரும்பத் திரும்ப அழைக்காமல் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள், அதற்குக் கொஞ்சம் சிக்னலே போதும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இந்த எண்களோடு மகள், மருமகன் நம்பரையும் சமையலறைக் காலண்டரில் பேனாவால் எழுதி வையுங்கள். நம் போன் அணைந்துவிட்டால், பக்கத்து வீட்டுப் போனை வாங்கி எந்த நம்பரை அழுத்துவது?