நீச்சற்குளத்து நீரும் நிலைப்படுத்திய குளோரீனும்

இல்லத்து நீச்சற்குளங்களிற் குளோரீன் இடுவது நோய்க்கிருமிகளை அழித்தற்பொருட்டேயாம். கிருமிகளை முதன்மையாகக் கொல்வது, குளோரீன் நீருடன் கூடத் தோன்றும் உபகுளோரசமிலம். நீரின் அமில கார நிலையைக் காட்டும் பீ. எச். எண் உயர இவ்வமிலம் குறையும். ஆதலின் அவ்வெண்ணை 7.2 இற்கும் 7.8 இற்கும் இடையே பேணுவர்.

வெயிலிற் குளோரீன் சில மணி நேரத்திற் சிதைந்தொழியும். அதனைத் தன்னுடன் பிணைத்துக் காப்பது சயனூரிக்கமிலம். ஆயினும் இக்காவல் அளவு கடப்பின், குளோரீனின் கொல்லுந்திறன் மந்தமாகும். நிலைப்படுத்திய முக்குளோரீன் வில்லைகள், பத்து இலட்சத்தில் 10 பங்கு குளோரீனை நீருக்கு ஊட்டுகையில், ஏறத்தாழ 6 பங்கு சயனூரிக்கமிலத்தையும் சேர்க்கின்றன. குளோரீன் செலவாகும், சயனூரிக்கமிலமோ ஆவியாகாது தங்கிப் பெருகும். எனவே, தெளிந்து தோன்றிச் சோதனையிலுங் குளோரீன் காட்டும் நீரிற் கிருமிகள் உயிர்வாழ்தல் கூடும். குளத்துநீரின் ஒரு பகுதியை அகற்றிப் புதுநீர் நிரப்புதலே இதற்குத் தக்க பரிகாரமாம்.