உங்களுக்குத் தெரியுமா? டிஸ்னிலேண்டில் குழந்தைக்கு ஓர் அமைதி மூலை

கலிபோர்னியாவின் அனஹெய்மில் 1955-இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டில், மெயின் ஸ்ட்ரீட் கடைத்தெரு முடியும் இடத்தில், முதலுதவி நிலையத்தை ஒட்டி, குழந்தைப் பராமரிப்பு மையம் ஒன்று இருக்கிறது. கட்டணம் கிடையாது. பாலூட்டத் தனியிடம், டயபர் மாற்ற மேசை, சாப்பாட்டைச் சூடாக்க மைக்ரோவேவ். பொடிசுகள் தாங்களே உட்காரும் அளவில் குட்டிக் கழிப்பறைக் கோப்பைகள்கூட உண்டு. கூட்டத்தில் மிரண்டு அழும் பிள்ளைக்கு இங்கே கிடைக்கும் கால் மணி நேர ஓய்வு எவ்வளவு பெரிய உதவி!

பூங்காவைச் சுற்றிவரும் நீராவி ரயிலும் நல்ல புகலிடம்தான். ஒரு முழுச்சுற்றுக்கு ஏறக்குறைய 20 நிமிடம். மடியிலேயே பிள்ளை கண்ணயர்ந்துவிடலாம். ஆனால் டுமாரோலேண்ட் நிலையத்தைத் தாண்டியதும் இருட்டுக் குகையும் அசையும் டைனோசர்களும் வரும். இருட்டுக்குப் பயப்படும் குழந்தை என்றால், அந்த நிலையத்திலேயே இறங்கிவிடுங்கள்.