காவலனுக்கும் காவல் வேண்டும்

நீலகிரியில் பல வீடுகளில் நாயும் குடும்பத்தில் ஓர் அங்கத்தினரே. குழந்தைகளுடன் விளையாடும்; இரவெல்லாம் காவல் காக்கும். அக்காவலனைக் காப்பது வீட்டாரின் கடமையல்லவா?

தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய வீடுகளுக்கு இரவில் சிறுத்தை வருவதுண்டு. வாசலில் சங்கிலியால் கட்டுண்ட நாய் தப்பி ஓடவும் இயலாது. ஆகவே, இருட்டியதும் அதனை உள்ளே அழைத்து, குளிர் தாக்காதபடி சாக்கு விரித்துப் படுக்க விடுங்கள்.

இதனினும் கொடியது வெறிநோய். 1902-ம் வருஷத்தில் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்னும் ஐரோப்பிய யுவதி இந்நோயால் மாண்டார். அந்நாளில் தென்னாட்டில் இதற்குச் சிகிச்சை கிடையாது. அத்துயரத்தின் விளைவாகவே, அமெரிக்கக் கனவான் ஹென்றி பிப்ஸ் அளித்த நன்கொடையின் உதவியுடன், 1907-ல் குன்னூரில் பாஸ்டர் ஸ்தாபனம் தோன்றியது.

இந்நோயின் குறிகள் கண்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. மனிதருக்கு இது பெரும்பாலும் நாயின் மூலமே வருகிறது. எனவே நாய்க்குப் போடும் ஊசி குழந்தைகளுக்கும் வேலியாகும். குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் ஊசி போடுவித்து, பின்னர் கால்நடை வைத்தியர் குறிக்கும் நாட்களில் தவறாது தொடர வேண்டும்.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தில் மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு முதலியவற்றைத் தடவலாகாது. ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிஷம் நன்றாகக் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நம் வீட்டு நாய்தானே என்று வாளாவிருக்கலாகாது.

அன்று மருந்தின்றி உயிர் போயிற்று. இன்று மருந்திருந்தும் அசட்டையால் ஓர் உயிர் போகுமாயின், அது நம் தேசத்துக்கே இழுக்கு.