பழைய ஹெரால்டு காரின் எஞ்சின் அறை: பெயிண்ட் அடிப்பதற்கு முன் வீட்டில் செய்யும் ஆயத்தம்

எஞ்சின் அறை என்பது காரின் பானெட்டுக்குக் கீழே எஞ்சின், ரேடியேட்டர், பேட்டரி, பிரேக் எண்ணெய்க் குடுவை முதலியவை அமைந்துள்ள பகுதியாகும். பழைய கார்களில் பெயிண்ட் விரைவில் உரியும் இடங்களுள் இது முதன்மையானது. பெரும்பாலும் குற்றம் பெயிண்டினுடையது அன்று. அதற்கு அடியில் தங்கிவிட்ட எண்ணெய், அமிலம், உப்பு ஆகியவையே காரணம். ஆகவே பெயிண்ட் அடிக்க அரை நாள் போதும் என்றால், அதற்கான ஆயத்தத்துக்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆவது இயல்பு.

இக்கட்டுரை ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அது எங்கள் பக்கத்து வண்டி. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம், சென்னைக்குத் தெற்கே செங்கல்பட்டு செல்லும் வழியில் வண்டலூர்ப் பகுதியில் இருந்த ஆலையில், 1961 முதல் இதைத் தயாரித்தது. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி.

ஹெரால்டின் அமைப்பு

இக்காரின் பானெட், இரு முன் மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே கூடாக முன்னோக்கிச் சாயும். திறந்துவிட்டால் எஞ்சினை மூன்று பக்கமும் நெருங்கலாம். முன் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். எஞ்சினைக் கீழே இறக்காமல் வீட்டில் இந்த வேலையைச் செய்ய இதைவிட வசதியான பழைய கார் அரிது.

ஆனால் அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரில்தான் பேட்டரி அமரும் பள்ளம் உள்ளது. அதே சுவரில் ஓட்டுநர் பக்கமாகப் பிரேக், கிளட்ச் எண்ணெய்க் குடுவைகள் உள்ளன. பேட்டரியின் கந்தக அமிலம் தகட்டை அரிக்கும். பிரேக் எண்ணெய் பெயிண்டைக் கரைக்கும். பழைய ஹெரால்டை விலை பேசுபவர் முதலில் பேட்டரியைத் தூக்கி அடியில் பார்ப்பது இதனால்தான்.

பிரிக்கும்போது

முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. எர்த் கம்பியை முதலில் எடுக்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருக்கும் என்பதால், கம்பி எங்கே பாடியில் முடிகிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளவும். பின்னர் பெட்ரோல் குழாயின் வாயை அடைத்து, கார்புரேட்டர், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றை பாலித்தீன் பையால் இறுகக் கட்ட வேண்டும்.

ஒவ்வொரு கம்பியையும் கழற்றுமுன் கைபேசியில் படம் எடுத்து, துணிப்பட்டையில் எண் எழுதிக் கட்டுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்பாதீர்கள். முப்பது ஆண்டு வகுப்பறையில் நான் கேட்ட வாக்கியம் அது. தேர்வு நாளில் யாருக்கும் நினைவில் இருந்ததில்லை.

சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பொறித்த இடங்களைத் தேய்க்கவோ, கனமாகப் பெயிண்ட் பூசி மூடவோ கூடாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அந்த எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் அச்சு எடுப்பார்கள். அச்சு விழாவிட்டால் வண்டியின் பதிவே கேள்விக்குள்ளாகும். 50 ஆண்டு கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்துள்ளதால், இன்றைய ஹெரால்டு உரிமையாளருக்கு இது இன்னும் முக்கியம். காரின் வெளி நிறத்தை மாற்றுவதானால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

எண்ணெய், அமிலம், உப்பு

மூன்றும் மூன்று விதமான அழுக்குகள். ஒன்றை நீக்குவது மற்றொன்றை நீக்காது.

எண்ணெய்ப் பிசுக்கை முதலில் மரக்குச்சியால் சுரண்டி, பிறகு மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் இளக்கலாம். மெக்கானிக் கடைகளில் பெட்ரோலால் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் அதைச் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து சென்று சமையலறை அடுப்பிலோ பூஜை விளக்கிலோ பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெயும் தீப்பற்றக் கூடியதே. திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில்தான் பயன்படுத்த வேண்டும். அதுவும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். முதன்முறை நான் அதைத் துணியால் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். நான்கே மாதத்தில் பெயிண்ட் அப்பளம்போல் எழும்பி வந்தது. சோப்புத்தூள் கரைத்த வெந்நீரால் இரண்டு முறையாவது கழுவ வேண்டும்.

பேட்டரிப் பள்ளத்துக்குச் சமையல் சோடா போதும். தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அமிலம் உள்ள இடம் நுரைக்கும். புதிதாக ஊற்றியும் நுரைக்காத வரை தொடரவும். பிரேக் எண்ணெய் சாதாரணமாகக் கிளைகால் வகையைச் சேர்ந்தது, தண்ணீரில் கலந்துவிடும். எனவே அதற்குத் தின்னர் தேவையில்லை, நிறையத் தண்ணீரே மருந்து.

உப்பு கண்ணுக்குத் தெரியாது. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் கடற்கரை ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தான். கோவளம், கல்பாக்கம் பக்கம் நின்ற வண்டிகளில் துருவின் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்துப் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் எழுப்பும். துருவைத் தேய்த்த பிறகு மீண்டும் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி உடனே உலர்த்துவது அவசியம். ஊரில் போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கடைசிக் கழுவலுக்குக் குடிநீரைப் பயன்படுத்தலாம்.

தகடு சுத்தமாகிவிட்டதா என்று அறிய எளிய சோதனை உண்டு. அதன் மேல் தண்ணீர் ஊற்றுங்கள். தாமரை இலையில் போல முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. ஒரே படலமாகப் பரவினால் போதும். இதில் தேறாத தகட்டில் பிரைமர் பிடிக்காது.

கழுவிய எண்ணெய் நீரைத் தெருவில் விடாதீர்கள்; மழைநீர் போகும் வழியிலேயே அதுவும் குளத்துக்குப் போகும். வண்டியின் கீழே மரத்தூளைப் பரப்பி ஊறவிட்டு அள்ளிவிடலாம்.

துருவும் பழைய பெயிண்டும்

தளர்ந்த துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் 80-ஆம் எண் உப்புத்தாளாலும் எடுத்து, 220, பிறகு 320 என்று மென்மையாக்கிச் செல்ல வேண்டும். அக்காலப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். எக்ஸாஸ்ட் பகுதிக் கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆகவே உலரவைத்துத் தேய்க்காமல் வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்ப்பதே நல்லது. முகமூடி கட்டாயம், குழந்தைகளை அருகில் விடக் கூடாது. பேட்டரிப் பள்ளத்தில் ஓட்டை விழுந்திருந்தால் அதைப் பட்டி வைத்து மூடுவது ஏமாற்று வேலை. டிங்கரிங் கடையில் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்.

பழைய பெயிண்ட் எவ்வகை என்று அறிய, தின்னர் நனைத்த துணியை ஓரமாக ஒரு நிமிடம் வைத்துப் பார்க்கலாம். நிறம் துணியில் கரைந்து வந்தால் டுகோ எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் வகை. சுருங்கி எழும்பினால் எனாமல். எனாமலின் மேல் டுகோ அடித்தால் அதன் தின்னர் கீழ்ப்பூச்சைக் கிளப்பிவிடும். இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமருக்கும் இதே சிக்கல் நேரலாம். பிரைமரும் பெயிண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று டப்பாவைப் படித்து வாங்கவும். கடினமாக்கி கலக்கும் இருகூறு பாலியூரித்தேன் பெயிண்டில் ஐசோசயனேட் உள்ளது. அதை வீட்டில் ஸ்பிரே செய்வது நுரையீரலுக்கு ஆபத்து.

ஏற்ற பருவமும் கடைசி மூடலும்

ஐப்பசி, கார்த்திகையின் ஈரக்காற்றில் டுகோ வெண்மூட்டம் படியும். சித்திரை வெயிலிலோ பரவுமுன்பே உலர்ந்து சொரசொரப்பாகும். தை முதல் பங்குனி வரை, பனி விலகிய பின் பிற்பகல் கடற்காற்று தொடங்குமுன் வேலை செய்வது நலம். தேய்த்த தகட்டை இரவு முழுவதும் வெறுமையாக விடக் கூடாது. எங்கள் ஊர்க் காற்றில் மறுநாள் காலைக்குள் மஞ்சள் துரு படிந்துவிடும். அன்றன்றைக்குத் தேய்த்த அளவுக்கு அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும்.

ஸ்பிரே செய்யுமுன் எஞ்சினையும் கம்பிகளையும் செய்தித்தாளால் மூடும்போது இரண்டு மடிப்பாக மூடுங்கள். ஒற்றைத் தாளில் தின்னர் ஊறி இறங்கிவிடும். எர்த் கம்பி பாடியைத் தொடும் இடத்தை மட்டும் டேப் ஒட்டி வெறும் தகடாகவே விட வேண்டும். அங்கே பெயிண்ட் ஏறினால் மின்னோட்டம் தடைப்பட்டு, எல்லாம் பூட்டி முடித்த நாளில் செல்ஃப் சுற்றாது.