பழைய வாளின் ஊரையும் வயதையும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அருங்காட்சியகத்தில் தல்வார் என்ற இந்திய வாளைப் பார்க்கிறீர்கள். வளைந்த அலகு, பிடியின் தலையில் வட்டத் தட்டு. பிடியை வைத்தே வயதைச் சொல்லிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பாட்டி காலத்து அரிவாளுக்குப் போன வருஷம் புதுப்பிடி போட்டிருந்தால், பிடியைப் பார்த்து அரிவாளின் வயதைச் சொல்ல முடியுமா? வாளும் அப்படித்தான். அலகின் வால்பகுதியைப் பிடிக்குள் செருகி, அரக்குக் கலவையால் இறுக்குவார்கள். சூடாக்கினால் அரக்கு இளகும். வேறு பிடி மாட்டலாம். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த அலகுகளும் இந்தியப் பிடிகளில் ஏறின. அந்த வாள்களுக்கு ஃபிரங்கி என்று பெயர். அதனால் பிடியையும் அலகையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

அலகில் அலையலையாக வரிகள் தெரிகின்றனவா? அது பெரும்பாலும் மூசை உருக்கு. இரும்பையும் கரிப்பொருளையும் மண்மூசையில் அடைத்து உருக்கி, மெல்ல ஆறவிட்டு, அளவான சூட்டில் தட்டுவார்கள். கரி மிகுந்த கடினத் துகள்கள் வரிசையாகத் திரளும். மெல்லிய அமிலம் பட்டதும் அவை வெளுப்பாகவும், மற்ற இடம் கறுப்பாகவும் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தொழில் நலிந்துபோனதால், வரிகள் வயதுக்கு நல்ல தடயம். ஆனால் ஈரானிலும் இத்தகைய அலகுகள் செய்தார்கள். ஊரைச் சொல்ல வரிகள் மட்டும் போதாது. துருவைப் போக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், தடயமே அழிந்துவிடும்!

அலகில் பொறித்த பெயரை நம்பலாமா? பாரசீகக் கொல்லர் அசதுல்லாவின் பெயரைப் பிற்காலத்தவர் தாராளமாகப் பொறித்தார்கள். நான் அதிகம் நம்புவது ஆயுதசாலைக் குறிகளை. ராஜஸ்தானின் பிகானீர் ஆயுதசாலையில் இருந்த ஆயுதங்களில் புள்ளிபுள்ளியாகக் குத்திய தேவநாகரி எழுத்து இருக்கும். 1689இல் பிகானீர் மன்னர் அனூப் சிங் தக்காணத்து ஆதோனியைப் பிடித்தபோது கிடைத்தது என்று எழுதியிருந்தால், அந்த வாள் அதற்கு முன்பே தக்காணத்தில் இருந்தது உறுதி.