காஞ்சிபுரத்தில் வாடகை வீடா? அடிமனை யாருடையது என்று கேளுங்கள்

கல்லூரி திறக்கும் மாதம் வந்துவிட்டால் காஞ்சிபுரத்துத் தெருக்களில் ‘வாடகைக்கு’ என்று எழுதிய அட்டையைத் தேடி அலையும் பிள்ளைகளைப் பார்க்கலாம். கூடவே அப்பாவோ மாமாவோ வருவார். ஏனாத்தூரில் 1993 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கும் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விஸ்வ மகாவித்யாலயா, பொன்னேரிக்கரையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரி என்று இங்கே படிக்க வருகிறவர்கள் நிறைய. இது இன்று நேற்றைய பழக்கமும் இல்லை. 4ஆம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்பவன் வேதம் படிக்கத் தன் குருவோடு காஞ்சியின் கடிகை என்ற கல்விச்சாலைக்கு வந்தான் என்று கர்நாடகத்துத் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது.

இவர்கள் வந்து பார்ப்பது பெரும்பாலும் அபார்ட்மென்ட் அல்ல, போர்ஷன். பிள்ளையார்பாளையம் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு வாசல் குறுகல். உள்ளே போனால் திண்ணை, நடை, கூடம், முற்றம், பின்கட்டு என்று நீண்டுகொண்டே போகும். கூடத்தில் தரையைத் தோண்டிக் குழித்தறி போட்டிருப்பார்கள். நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டு மிதித்தபடி பட்டு நெய்வார். தறி நின்றுபோன வீட்டில் குழியை மூடி, சுவர் எழுப்பி, முன் போர்ஷன் பின் போர்ஷன் என்று பிரித்து விடுகிறார்கள். தரையைக் குனிந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சிமென்ட் நிறம் மாறியிருந்தால் அது மூடிய தறிக்குழியாக இருக்கலாம். மழைக்காலத்தில் அங்கே ஓதம் ஏறுகிறதா என்று கேட்டுவிட்டுக் கட்டிலுக்கும் புத்தக அலமாரிக்கும் இடம் பாருங்கள். பக்கத்து வீட்டில் தறி ஓடினால் விடியற்காலையிலேயே சத்தம் தொடங்கிவிடும். அது அவர்கள் பிழைப்பு. படிக்க வந்தவர்தான் அனுசரித்துப் போக வேண்டும்.

கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் புது மாடி வீடு தேடினால் எளிதில் கிடைக்காது. இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். தடை எல்லைக்குள் இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி தேவை. “ஓடு ஒழுகுதே, மாற்றிக் கொடுங்க” என்று குடியிருப்பவர் கேட்டு வீட்டுக்காரர் இழுத்தடித்தால், அது கருமித்தனமாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அடிமனை. கோயில்கள் நிறைந்த இந்த ஊரில் சுவரும் கூரையும் வீட்டுக்காரருடையதாக இருந்தாலும் கீழே உள்ள மனை கோயிலுடையதாக இருக்கலாம். அப்படியானால் வீட்டுக்காரரே கோயிலுக்கு மனை வாடகை கட்டுகிறவர்தான். இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் 34ஏ பிரிவுப்படி அந்த வாடகை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுநிர்ணயம் செய்யப்படும். அவர் நிலுவை வைத்தாலோ, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டிருந்தாலோ, நடவடிக்கை வரும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பது குடியிருப்பவர். மனை யார் பேரில் இருக்கிறது, கோயிலுக்குக் கட்டிய கடைசி ரசீது எங்கே என்று கேட்பதில் தவறே இல்லை. நல்ல வீட்டுக்காரர் எடுத்துக் காட்டுவார்.

அடுத்தது ஒப்பந்தம். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழகத்தில் நடைமுறையில் இருக்கிறது. 11 மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் போட்டு, துணை ஆட்சியர் நிலையிலுள்ள வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அரசு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதினாலொழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆகவே ‘பத்து மாதம்’ என்று எழுதிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டும் வாடகைக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை. தகராறு வந்தது என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த வீட்டுக்காரருக்கு அதிகாரம் கிடையாது. சில நிறுவன, சமயக் கட்டடங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அடிமனையைப் பற்றி முதலிலேயே கேட்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சட்டத்தைத் தாண்டிச் சில சில்லறை விஷயங்கள் உண்டு; மாதாமாதம் கடிப்பவை அவைதான். ஒரே மீட்டரை மூன்று போர்ஷன் பகிர்ந்தால் இலவச மின்சாரமும் மூன்று பங்காகிவிடும். யூனிட்டுக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசி எழுதுங்கள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதையும் எழுதுங்கள். சின்ன காஞ்சிபுரத்தில் வைகாசி கருட சேவையன்றும் தேரன்றும் வண்டி உள்ளே போகாது. அன்றைக்குத் தேர்வு இருந்தால் விடியலிலேயே கிளம்பிவிடுங்கள்.

வீட்டுக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். வெளியூர்ப் பிள்ளை, கேட்க ஆளில்லை என்று நினைக்காமல், வாடகை வாங்கிய அன்றே ஒரு ரசீது எழுதிக் கொடுங்கள்.