குளிர்லாரியின் தளம்

குளிர்சாதன லாரி என்றதும் நாம் அதன் இயந்திரத்தையே எண்ணுகிறோம். தளத்தை நினைப்பவர் அரியர். ஒருமுறை தூத்துக்குடியில், பூஜ்யத்துக்குக் கீழ் 18 பாகையில் வந்திருக்க வேண்டிய இறால் பெட்டிகளை இறக்கக் கண்டேன். மேலடுக்குகள் கல்லாக உறைந்திருந்தன; அடியடுக்கோ இளகிவிட்டது. தளம் சமமான மரப்பலகை. சாலையின் வெப்பம் கீழிருந்து ஏற, குளிர்காற்று பெட்டிகளுக்கு அடியில் நுழைய வழியில்லை.

இதற்காகவே அலுமினியத் தளத்தை வரப்பும் வாய்க்காலுமாக அமைக்கின்றனர். சரக்கு வரப்பின்மேல் அமரும். காற்று வாய்க்காலில் ஓடும். கழுவிய நீரும் அவ்வழியே வடியும்.

ஆனால் அலுமினியம் வெப்பத்தை எளிதில் கடத்துவது. ஆகவே அதனடியில் பாலியூரித்தேன் நுரை வேண்டும். நுரையின் வலிமை அது அடைத்து வைத்திருக்கும் வாயுவில் உள்ளது. காற்றைவிட நீர் ஏறக்குறைய 24 மடங்கு வெப்பம் கடத்துமாதலால், மூட்டில் மயிரிழைப் பிளவு இருந்தாலும் கேடுதான். அன்று பலகையைப் பெயர்த்தார்கள். நுரை நனைந்து கனத்திருந்தது. பழுதை இரு மாதமாக இயந்திரத்தில் தேடியிருக்கிறார்கள்!